தீர் நகரப் பேராயர் வில்லியம்: நஞ்சுக் கதையும் அவர் எழுதிய வரலாறும்

"சிலுவைப் போர்க் கால வரலாற்றை எழுதிய டயர் வில்லியம் பேராயரை, அவரோடு பதவிக்குப் போட்டியிட்ட எராக்ளியுஸ் நஞ்சு வைத்துக் கொன்றது உண்மையா? அரசவையில் பதவியில் இருந்தவர் எழுதியதை எப்படி நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஒன்றுதான். 'உண்மையை எழுதியதற்காகவே கொல்லப்பட்டவர்' என்று நம்பிவிட்டால் அவர் எழுதியது எல்லாமே உண்மை என்றாகிவிடும். 'அதிகாரத்தின் எடுபிடி' என்று நினைத்துவிட்டால் எல்லாமே பொய்யாகிவிடும். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. நஞ்சுக் கதைக்கு ஆதாரம் கிடையாது. அவருடைய நூலைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நிகழ்ச்சியும் நடந்தபோது அவர் எங்கே இருந்தார் என்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும்.

முதலில் பெயர். 'டயர்' என்று எழுதினால் நமக்கு வண்டிச் சக்கரம்தான் நினைவுக்கு வரும். விவிலியத்தில் சீதோனோடு சேர்த்துச் சொல்லப்படும் தீர் நகரம்தான் இது. இன்றைய லெபனானின் தென்கரையில் இருக்கிறது. 1124இல் வெனிஸ் கப்பற்படையின் உதவியோடு சிலுவைப் போராளிகள் அதைப் பிடித்தார்கள். சிலுவைப் போராளிகள் அமைத்த எருசலேம் இலத்தீன் அரசில், திருச்சபைத் தலைவரான முதுபெரும் தந்தைக்கு அடுத்த பெரிய திருச்சபைப் பதவிகளில் ஒன்று அந்நகரின் பேராயர் பதவி. வில்லியம் வந்து குடியேறியவர் அல்ல. 1130ஐ ஒட்டி எருசலேமிலேயே பிறந்தவர். ஐரோப்பிய வேர் கொண்ட குடும்பம், ஆனால் பிரபு வம்சம் இல்லை. அவருடைய சகோதரர் ரால்ஃப் நகரக் குடிமக்களில் ஒருவராக ஆவணத்தில் வருகிறார். இது முக்கியம். அவர் 'நம் நாடு' என்று எழுதும்போது பிரான்ஸைச் சொல்லவில்லை, எருசலேமைச் சொல்கிறார்.

அவர் என்ன படித்தார் என்பது பல நூற்றாண்டுகள் தெரியாமலே இருந்தது. நூலின் 19ஆம் பகுதியில் 12ஆவது அத்தியாயம் தன்வரலாறு. ஆனால் கையெழுத்துப் படிகளில் அதன் தலைப்பு மட்டும் இருந்தது, பாடம் இல்லை. வத்திக்கான் நூலகத்துக் கையெழுத்துப் படி ஒன்றில் ஹைகன்ஸ் என்ற அறிஞர் அதைக் கண்டெடுத்து 1962இல் வெளியிட்டார். அதிலிருந்து தெரிவது: ஏறத்தாழ 1146 முதல் 1165 வரை, கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் ஐரோப்பாவில் படித்திருக்கிறார். பாரிஸ், ஓர்லியான் பள்ளிகளில் இலக்கணமும் தருக்கமும், சுவாசோன் வில்லியமிடம் யூக்ளிட்டின் வடிவியல், பீட்டர் லொம்பார்டு போன்றோரிடம் ஆறு ஆண்டுகள் இறையியல், கடைசியாக பொலோஞ்ஞாவில் புகழ்பெற்ற 'நான்கு வல்லுநர்'களைச் சுற்றிய வட்டத்தில் உரோமைச் சட்டமும் திருச்சபைச் சட்டமும். அந்தக் காலத்தில் ஒரு மனிதருக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த படிப்பு இதுதான். இதன் பயன் நூலில் நேராகத் தெரியும்: சட்டம் படித்தவர் என்பதால் ஆவணங்களை அப்படியே எடுத்து எழுதுகிறார். தீர் முற்றுகைக்கு முன்னால் வெனிஸோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் முழு வாசகம் அவர் நூலில் இருக்கிறது. திருத்தந்தையரின் கடிதங்களையும் இப்படிச் சேர்த்திருக்கிறார். இந்த ஆவணங்கள்தான் நூலிலேயே உறுதியான பாகம்; அவருடைய விருப்பு வெறுப்பு அவற்றைத் தொடுவதில்லை.

1165இல் திரும்பி வந்ததும் ஏற்றம் வேகமாக நடந்தது. முதலில் ஆக்கர் பேராலயக் குருகுழுவில் இடம். 1167இல் தீர் மறைமாவட்டத்தின் தலைமைத் திருத்தொண்டர். அடுத்த ஆண்டே அரசர் அமால்ரிக், எகிப்தின் மேல் சேர்ந்து படையெடுக்கும் உடன்படிக்கைக்காக அவரை பைசாந்தியப் பேரரசர் மானுவேலிடம் தூது அனுப்பினார். 1170இல் அரசரின் மகன் பால்ட்வினுக்கு ஆசிரியரானார். 1174 ஜூலையில் அமால்ரிக் இறந்து பால்ட்வின் பட்டத்துக்கு வந்ததும், அவ்வாண்டிலேயே சான்சலர் ஆனார். அதாவது அரசாணைகளை எழுதி, சரிபார்த்து, வெளியிடும் அலுவலகத்தின் தலைவர். 1175 ஜூன் 8இல் தீர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அந்த இரண்டு பதவிகளையும் சேர்த்தே வகித்தார். 1179இல் உரோமையில் நடந்த மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கத்தில் கலந்துகொண்டு, திரும்பும் வழியில் கான்ஸ்டாண்டினோபிளில் ஏழு மாதம் தங்கி 1180இல் ஊர் சேர்ந்தார்.

இனி நஞ்சு. 1180 அக்டோபர் 6இல் எருசலேம் முதுபெரும் தந்தை இறந்தார் (குழப்பம் வேண்டாம், இவர் பெயரும் அமால்ரிக்தான்). பத்தே நாளில், 16ஆம் தேதி, செசரியா பேராயர் எராக்ளியுஸ் அந்த இடத்துக்கு வந்தார். வில்லியமும் அந்தப் பதவிக்குரிய தகுதியோடு இருந்தவர், ஏமாற்றம் அடைந்திருப்பார் என்று ஊகிப்பதில் தவறில்லை. ஆனால் தம் நூலில் அந்தத் தேர்வை அவர் வறண்ட ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார். நீங்கள் படித்த கதை அவர் நூலிலிருந்து வரவில்லை. எர்னூல் என்பவர் பெயரோடு தொடர்புபடுத்தப்படும் பழைய பிரெஞ்சு நாளாகமத்திலிருந்து வருகிறது. அதன்படி, அரசரின் தாய் அக்னெஸ் எராக்ளியுஸின் பக்கம் நின்றாள். பின்னர் எராக்ளியுஸ் வில்லியமைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். வில்லியம் முறையிட உரோமைக்குப் போக, எராக்ளியுஸ் அனுப்பிய மருத்துவர் ஒருவர் நஞ்சூட்டிவிட்டார்.

இதை ஏன் நம்ப முடியாது? அதே கதைக்குள்ளேயே அது பிந்திக் கட்டப்பட்டது என்பதற்கான தடயம் கிடக்கிறது. தேர்தலுக்கு முன்பு வில்லியம் குருக்களை எச்சரிக்கிறாராம்: 'எராக்ளியுஸ் என்ற ஒருவர் திருச்சிலுவையைப் பாரசீகத்திலிருந்து மீட்டு எருசலேமுக்குக் கொண்டுவந்தார், எராக்ளியுஸ் என்ற இன்னொருவர் காலத்தில் அது பறிபோகும்.' முன்னவர் ஏழாம் நூற்றாண்டுப் பேரரசர். சிலுவை பறிபோனதோ 1187 ஜூலை 4இல், ஹத்தீன் போரில். ஆக இந்த 'தீர்க்கதரிசனம்' நடந்த பிறகு எழுதப்பட்டது. எருசலேமை இழந்த துயரத்தில், யார் தலையில் பழியைப் போடலாம் என்று தேடியவர்களுக்கு எராக்ளியுஸ் வசதியாகக் கிடைத்தார். மேலும், அந்தத் திருச்சபை நீக்கத்தை வில்லியமின் நூல் உறுதிப்படுத்தவில்லை. அவர் 1184 தொடக்க நிகழ்ச்சிகள் வரை எழுதிக்கொண்டே போகிறார்; ஊரைவிட்டு விரட்டப்பட்ட மனிதர் எழுதியதாக அது தெரியவில்லை. இறந்த நாள் செப்டம்பர் 29 என்று பிரான்ஸில் கிடைத்த இறந்தோர் நினைவேடு ஒன்றில் இருக்கிறது, ஆண்டு அதில் இல்லை. 1185 மே மாதத்துக்குள் வேறொருவர் சான்சலர். 1186 அக்டோபர் 21க்குள் ஜோசியுஸ் தீர் பேராயர். எனவே 1184 முதல் 1186க்குள் ஒரு செப்டம்பர் 29. ஆய்வாளர்கள் இந்த மூன்றில் எதை எடுப்பது என்பதில் ஒத்துப்போவதில்லை. 1186 என்பதே அதிகம் எழுதப்படுகிறது. 1188இல் பிரெஞ்சு, ஆங்கில அரசர்களிடம் போய் மூன்றாம் சிலுவைப் போருக்கு அழைத்தவர் வில்லியம் என்று சில பழைய நூல்கள் சொல்வது பிழை. போனவர் ஜோசியுஸ். 'தீர் பேராயர்' என்ற பதவிப்பெயரை மட்டும் பார்த்து ஆளை மாற்றிக்கொண்டார்கள்.

நூலுக்கு வருவோம். 23 பகுதிகள், இலத்தீன். ஏழாம் நூற்றாண்டில் எராக்ளியுஸ் பேரரசர் காலத்தில் தொடங்குகிறது. முதல் எட்டுப் பகுதிகள் 1099இல் எருசலேம் பிடிபடுவது வரை. 16 முதல் 18 வரை அமால்ரிக்கின் அண்ணனும் அவருக்கு முன் ஆண்டவருமான மூன்றாம் பால்ட்வின், 19, 20இல் அமால்ரிக், 21இலிருந்து வில்லியமின் மாணவரும் தொழுநோய் அரசருமான நான்காம் பால்ட்வின். 23ஆவதில் ஒரு முன்னுரையும் ஒரே ஒரு அத்தியாயமும்தான் உண்டு, அத்தோடு நின்றுவிடுகிறது. முதல் சிலுவைப் போருக்கு ஃபுல்ச்சர், ரேமண்ட் அகிலேர் போன்ற பழைய இலத்தீன் நாளாகமங்களைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆகென் ஆல்பர்ட்டின் நூலையோ அதனோடு உறவுள்ள ஒன்றையோ பார்த்திருக்கிறார். எங்கிருந்து எடுத்தேன் என்று அடிக்குறிப்புப் போடும் வழக்கம் அன்று இல்லை. அந்தப் பகுதியை அழகான தொகுப்பாகப் படியுங்கள், சாட்சியமாகப் படிக்காதீர்கள். அவருடைய மூலங்களே நம் கையில் இருக்கும்போது தொகுப்பை மேற்கோள் காட்டத் தேவையில்லை.

பலர் சறுக்குவது 16ஆவது பகுதியில். அங்கே வில்லியம், 'இதுவரை மற்றவர் சொல்லக் கேட்டதை எழுதினேன். இனி வருவதில் ஒரு பங்கு என் கண்ணால் கண்டது, மறுபங்கு நேரில் இருந்தவர்களிடம் கேட்டது' என்ற பொருளில் அறிவிக்கிறார். இதைப் படித்தவர்கள் 1143க்குப் பிறகு எல்லாமே கண்கண்ட சாட்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன ஆண்டுகளோடு ஒட்டிப் பாருங்கள். 1146 முதல் 1165 வரை அவர் நாட்டிலேயே இல்லை! இரண்டாம் சிலுவைப் போர், 1148 தமஸ்கு முற்றுகை, 1153 அஸ்கலோன் வெற்றி, மூன்றாம் பால்ட்வினின் சாவு எல்லாமே பல ஆண்டு கழித்துப் பிறரிடம் கேட்டு எழுதியவை. பதவிக்கு வந்த பிறகும் இடைவெளிகள் உண்டு. 1168இல் அமால்ரிக் எகிப்துக்குள் நுழைந்தபோது வில்லியம் தூது போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். 1169இல் எகிப்தின் துறைமுக நகரான தமியெத்தாவின் முற்றுகை தோற்றபோது சொந்த விவகாரமாக உரோமையில் இருந்தார், திரும்பிய பின் ஏன் தோற்றது என்று பலரிடம் விசாரித்ததாக அவரே ஒத்துக்கொள்கிறார். எல்லாவற்றையும்விட, 1180 உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி அரசர் பால்ட்வினின் அக்கா சிபில்லாவுக்கும் பிரான்ஸிலிருந்து வந்த பிரபு கி தெ லூசிஞானுக்கும் அவசரமாகத் திருமணம் நடந்தபோது அவர் கான்ஸ்டாண்டினோபிளில். அரசைக் கடைசியில் கவிழ்த்த உட்பூசலின் வேர் அந்தத் திருமணம். அதன் உள்நோக்கம் பற்றி இன்றைக்கு எழுதப்படுவதில் பெரும்பங்கு, அங்கே இல்லாத ஒருவர் சொன்னதை நம்பி எழுதப்படுகிறது.

சார்பு எங்கே என்று கேட்டீர்கள் அல்லவா? அரசரைப் புகழ்வதில் இல்லை. தம்மை எழுதத் தூண்டிய அமால்ரிக்கைப் பற்றியே, திக்குவாய், பேராசைக்காரர், கோயில் சொத்தில் கைவைத்தவர், பெண்களைப் போல மார்பு தொங்கும் பருத்த உடம்பு என்று எழுதுகிறார். காய்ச்சலில் படுத்திருந்த அரசர், மறைநூலை விட்டுவிட்டு மறுமைக்கு வேறு சான்று உண்டா என்று தம்மிடம் கேட்டதையும் மறைக்கவில்லை. அவருடைய சார்பு வேறு பக்கம் இருக்கிறது. ஆயர் என்ற முறையில் டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் என்ற போர்த்துறவிகளின் சபைகள் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசு. அவை ஆயர்களுக்குக் கட்டுப்படாமல் நேரே திருத்தந்தைக்குக் கீழ் இருந்தவை. இலாத்தரன் சங்கத்தின் ஒன்பதாம் விதியே இந்தச் சபைகளின் மீறல்களைக் கட்டுப்படுத்தத்தான். அதனால் அஸ்கலோனில் மதில் உடைந்தபோது டெம்ப்ளர்கள் கொள்ளைக்கு ஆசைப்பட்டு மற்றவர்களை உள்ளே விடாமல் தடுத்தார்கள் என்பது, ஹாஸ்பிட்டலர்கள் முதுபெரும் தந்தை மறையுரை ஆற்றும்போது வேண்டுமென்றே மணியடித்து இடைஞ்சல் செய்தார்கள் என்பது போன்றவற்றை இரண்டு மடங்கு எச்சரிக்கையோடு படியுங்கள். இரண்டுமே அவர் ஐரோப்பாவில் இருந்தபோது நடந்தவை, இரண்டுமே அவருடைய வழக்குக்கு வாகானவை. அரசியலில் திரிப்போலியை ஆண்ட பிரபு ரேமண்ட் அவருக்கு வேண்டியவர். சிறுவனான பால்ட்வினுக்குப் பதில் ரேமண்ட் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோதுதான் சான்சலர் பதவியும் பேராயர் பதவியும் வந்தன. அக்னெஸ், கி தரப்பு வேண்டாதவர்கள். நெடுங்காலம் வரலாற்று நூல்கள் இந்தப் பிரிவினையை 'உள்ளூர் விவேகிகள், வந்தேறி மூடர்கள்' என்று அப்படியே எடுத்துக்கொண்டன. கடந்த சில பத்தாண்டுகளில் அந்தக் கோடு வெகுவாக மங்கிவிட்டது, அப்படி மங்கியதே சரி.

தேதிகளில் ஒரு நடைமுறை விதி: நாளையும் மாதத்தையும் நம்பலாம், ஆண்டைச் சரிபாருங்கள். மூன்றாம் பால்ட்வின் இறந்தது பிப்ரவரி 10 என்று சொல்கிறார், அது சரி. ஆண்டை 1162 என்கிறார், உண்மையில் 1163. ஒரு பேராயருக்கு இறந்தோரின் நினைவுநாள் திருவழிபாட்டு நாட்காட்டியிலிருந்தே தெரிந்துவிடும். ஆண்டைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும், அங்கேதான் வழுக்குகிறது என்று நினைக்கிறேன். எண்ணிக்கைகளுக்கும் இதே எச்சரிக்கை. 1177 நவம்பர் 25 மான்ட்கிசார்டு போரில் தம் தரப்புக் குதிரைவீரர் 375 என்கிறார், சலாஹுத்தீனின் குதிரைப்படை 26,000 என்கிறார். முதல் எண் அரசு அலுவலகத்தில் இருந்தவர் சொல்லக்கூடியது. இரண்டாவதை எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை. இழப்பு விஷயம் இன்னும் கூர்மையானது: முதல் மோதலில் நம்மவரில் குதிரைவீரர் நாலைந்து பேரும் காலாட்கள் சிலரும் விழுந்தார்கள் என்கிறது வில்லியம் நூல். அதே போரைப் பற்றி ஹாஸ்பிட்டலர் தலைவர் எழுதிய கடிதத்தில் இறந்தவர் 1,100, காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தவர் 750. பொய் என்று சொல்ல வேண்டாம். குதிரையேறிய மேல்தட்டை மட்டும் எண்ணும் பழக்கம் அது. காயம்பட்டவர்களைப் பராமரித்தவர்களுக்குக் காலாட்களும் கணக்கில் வந்தார்கள்.

இத்தனை குறை சொல்லியும் ஏன் இவரை விட முடியவில்லை என்றால், நேரில் இருந்த இடங்களில் இவருக்கு இணை கிடையாது. ஏறத்தாழ ஒன்பது வயது பால்ட்வின் பிரபுக்களின் பிள்ளைகளோடு விளையாடுகிறான். பையன்கள் ஒருவரையொருவர் கையில் நகத்தால் கீறிப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் கத்துகிறார்கள், இவன் மட்டும் அசையவில்லை. முதலில் இதைப் பொறுமை என்று நினைத்த ஆசிரியர், திரும்பத் திரும்ப நடந்ததும் கூப்பிட்டு விசாரித்துச் சோதிக்கிறார்; வலது கையில் பாதி மரத்துப்போயிருக்கிறது. உணர்ச்சி இழப்பு தொழுநோயின் தொடக்க அறிகுறிகளில் ஒன்று என்பதால், ஒரு மருத்துவக் குறிப்பாகவே இது நிற்கிறது. எதிரிகளைப் பற்றி எழுதும்போதும் கண் மங்குவதில்லை. சிரியாவை ஆண்ட நூருத்தீனை நீதியானவர், தம் மக்களின் மரபுப்படி சமயப்பற்றுள்ளவர் என்று எழுதுகிறார். 21ஆம் பகுதியின் ஏழாவது அத்தியாயத்தில், முன்பு நம்மில் சிலர் அவர்களில் பலரை வென்றார்களே, இப்போது ஏன் முடியவில்லை என்று கேட்டு மூன்று காரணம் சொல்கிறார். முதலாவது நம் பாவம். பேராயர் அல்லவா, அதைச் சொல்லாமல் விடமாட்டார். இரண்டாவது, முன்னோர் போரில் பழகியவர்கள், எதிரிகள் அப்போது பழகாதவர்கள். இன்று நிலை அப்படி இல்லை. மூன்றாவது, முன்பு ஊருக்கு ஓர் அரசர் இருந்த இடத்தில் இன்று எல்லாம் ஒரே கைக்கு வந்துவிட்டது, எகிப்தின் செல்வமும் அதோடு சேர்ந்துகொண்டது. எருசலேம் விழுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதியிருக்கிறார். இன்றைய வரலாற்றாசிரியர்களும் இரண்டாவதையும் மூன்றாவதையும்தான் விரித்து எழுதுகிறார்கள். நபிகள் நாயகம் காலத்திலிருந்து தம் காலம்வரை கிழக்கத்திய அரசர்களின் வரலாறு ஒன்றையும், அமால்ரிக் கொடுத்த அரபு நூல்களைக் கொண்டு எழுதினார். அது தொலைந்துபோனது. அவருடைய முதன்மை நூலைவிட அந்த இழப்பே பெரிது என்பது என் எண்ணம்.

படிக்க விரும்பினால் 21, 22ஆம் பகுதிகளில் தொடங்குங்கள்; பிறகு 19, 20க்குப் போங்கள்; முதல் எட்டைக் கடைசிக்கு வையுங்கள். 1943இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டு தொகுதிகள். ஹைகன்ஸின் இலத்தீன் செம்பதிப்பு 1986இல் வந்ததால், தொலைந்து கிடைத்த அந்தத் தன்வரலாற்று அத்தியாயம் ஆங்கிலத் தொகுதிகளில் இருக்காது. இணையத்தில் 'வில்லியம் சொன்னது' என்று வருவதை எடுத்தாளும் முன், இலத்தீனா பிரெஞ்சா என்று பாருங்கள். 13ஆம் நூற்றாண்டில் நூலைப் பழைய பிரெஞ்சில் பெயர்த்தவர் அங்கங்கே சுருக்கியும் மாற்றியும் இருக்கிறார். இலத்தீன் படிகள் பத்தளவில்தான் மிஞ்சின, பிரெஞ்சுப் படிகளோ ஐம்பதுக்கும் மேல். முதல் வரியில் வரும் பேரரசரின் பெயரால் அந்த பிரெஞ்சு நூலுக்கு 'எராக்ளே' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதவியைத் தட்டிப் பறித்தவரின் பெயரே போட்டியாளரின் புத்தகத்துக்கு வாய்த்ததைப் பாருங்கள்! அந்தப் படிகளில் பலவற்றில் 1184க்குப் பிந்திய தொடர்ச்சியை வேறு ஆட்கள் எழுதி, அதே கட்டில் சேர்த்துவிட்டார்கள். ஹத்தீன் போரைப் பற்றி வில்லியம் எழுதியதாக யாராவது காட்டினால் அது இந்தத் தொடர்ச்சியிலிருந்து வந்தது. நஞ்சுக் கதையும் அந்தத் தொடர்ச்சிகளில்தான் பரவியது. ஒரே புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டு போனவருக்கு, ஆசிரியர் எழுதிய பக்கங்கள் முடிந்து, அவரைக் கொன்ற கதை அடுத்த பக்கங்களில் வந்தது.